முதல் பிரைம் லென்ஸ்: 50 எம்எம் வாங்கும் முன் உங்கள் அறையை அளந்து பாருங்கள்

புதிதாக கேமரா வாங்கியவர்கள் சில மாதங்களில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் போதவில்லை, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? பதிலும் தயாராக இருக்கிறது. ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ் ஒன்று, 50 எம்எம் எஃப் 1.8 வாங்கு, விலை குறைவு, பின்னணி அழகாகக் கரையும், யோசிக்கவே வேண்டாம் என்பார்கள். எம்எம் என்பது லென்ஸின் ஃபோகல் லெங்த், எண் கூடக் கூடக் காட்சி குறுகி நெருக்கமாகத் தெரியும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாசல் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வரும்.

அந்த லென்ஸ் நல்ல லென்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது 35 எம்எம் பிலிமைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமரா. அதில் தினமும் மாட்டியே வைத்திருக்கும் ஒரே லென்ஸாக 50 எம்எம் சரிப்படுவது குறைவு. முதல் வாரம் பூச்சாடியையும் நண்பனின் முகத்தையும் எடுத்து மகிழ்வார்கள். அப்புறம் வீட்டுக்குள் பிறந்தநாள் வரும், குடும்பத்தை ஒரே படத்தில் அடக்க இடம் இருக்காது, லென்ஸ் மெல்ல பைக்குள் போய்விடும். பிரச்சினை கண்ணாடியின் தரத்தில் இல்லை. நமக்கும் நாம் எடுக்கும் பொருளுக்கும் நடுவே கிடைக்கிற தூரம் எவ்வளவு என்பதை யாரும் கேட்காமலேயே லென்ஸைச் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் பிரைம் லென்ஸை முடிவு செய்ய வேண்டியது அந்தத் தூரம்தான்.

50 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஆஸ்கர் பார்னாக். சினிமாவுக்கான 35 எம்எம் பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, சினிமாவின் ஒரு கட்டத்தைப் போல இரண்டு மடங்கு பரப்பில் படம் எடுக்கும் சின்ன கேமராவை அவர் உருவாக்கினார். 36-க்கு 24 மில்லிமீட்டர் என்ற அளவு அப்படிப் பிறந்ததுதான். 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தபோது, மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 எம்எம் லென்ஸ் அதோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. பிலிமின் மூலைவிட்டம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு ஃபோகல் லெங்த் உள்ள லென்ஸ் காட்சியை இயல்பாகக் காட்டும் என்பது பழைய கணக்கு. 36-க்கு 24-இன் மூலைவிட்டம் 43. அதை ஒட்டியே 50 இருக்கிறது.

எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது என்பதற்கு நம் ஊர் ஸ்டூடியோக்களே சாட்சி. ஒரு காலத்தில் கல்யாண ஆல்பங்களை எடுத்த யாஷிகா மேட் கேமராவில் இருந்தது 80 எம்எம் லென்ஸ். கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் சதுர பிலிமுக்கு அந்த 80தான் இயல்பான லென்ஸ். பிலிமோ சென்சாரோ பெரிதாக ஆக, அதே காட்சிக்குத் தேவைப்படும் ஃபோகல் லெங்த்தும் கூடும். சிறிதாக ஆனால் குறையும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் வேலையில் பெரும்பகுதியை லைக்காவிலும் 50 எம்எம் லென்ஸிலுமே செய்தவர். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாள்களில், திருவண்ணாமலைக்கு வந்து படம் எடுத்தவரும் அவர்தான். அவர் பெயரைச் சொல்லி 50 எம்எம் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவருடைய 50 பார்த்தது 36-க்கு 24 பிலிமில். உங்களிடம் இருப்பது கிராப் சென்சார் என்றால், அவர் பார்த்த அகலத்தைப் பார்க்க உங்களுக்கு 31 அல்லது 33 எம்எம் லென்ஸ் வேண்டும்.

கிராப் சென்சார் என்பது ஏபிஎஸ்-சி அளவு. நிக்கான், சோனி, ஃபுஜிஃபில்ம் கேமராக்களில் அது சுமார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. எனவே ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனன் என்றால் 1.6-ஆல். 50 எம்எம் லென்ஸ் இங்கே 75 அல்லது 80 எம்எம் போல நடந்துகொள்ளும். பிலிம் காலத்தில் முகப்படம் எடுப்பதற்கென்றே தனியாக வாங்கிய 85 எம்எம் லென்ஸுக்குப் பக்கத்து வீடு அது. இன்று எல்லோரும் கண்ணைப் பழக்கியிருக்கும் போன் கேமராவோ 24 முதல் 26 எம்எம் அளவுக்கு விரிந்த காட்சியைக் காட்டுகிறது. போனில் படம் எடுத்துப் பழகியவர் கிராப் கேமராவில் 50-ஐ மாட்டிப் பார்த்தால், மூன்று மடங்கு ஜூம் செய்துவிட்டு அங்கேயே சிக்கிக்கொண்டது போல இருக்கும்.

கிட் லென்ஸின் 18-55 என்ற அளவும் இதே கணக்கில் வந்ததுதான். 2003-ல் கேனன் 300டி என்ற டிஜிட்டல் கேமரா வந்தபோது கூடவே ஒரு 18-55 லென்ஸும் வந்தது. 1.6-ஆல் பெருக்கினால் 29 முதல் 88 வரை. பிலிம் கேமராக்களோடு விற்ற 28-90 ஜூமை அப்படியே சின்ன சென்சாருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜூம் லென்ஸை மாற்றியவர்கள் 50-க்கு மட்டும் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. அது பழைய எண்ணோடும் பழைய புகழோடும் அப்படியே இருந்துவிட்டது.

சரி, அறைக்குள் போவோம். ஒரு எளிய கணக்கு இருக்கிறது, கடைக்குப் போகும் முன் மனதில் வைத்துக்கொள்ளலாம். கிராப் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒன்றை முழு உயரத்துக்கு அடக்க வேண்டுமானால், 24 எம்எம் லென்ஸில் அதன் உயரத்துக்குச் சமமான தூரம் பின்னால் நிற்க வேண்டும். 35 எம்எம் என்றால் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 50 எம்எம் என்றால் இரண்டு மடங்குக்கும் சற்று மேலே. கேமராவைப் படுக்கைவசத்தில் பிடித்தால் இந்தத் தூரங்கள் இன்னும் பாதி கூடும். கேனன்காரர்கள் மேலும் அரை அடி சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது பத்துக்குப் பத்து அறை ஒன்றில் அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து எடுக்கிறீர்கள். அவர் நிற்க ஓர் அடி, எதிர்ச் சுவரில் சாய்ந்து கேமரா பிடிக்கும் உங்களுக்கு ஒன்றரை அடி போனால் மிஞ்சுவது ஏழரை அடி. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு ஆறு அடி உயரத்தை அடக்க 24 எம்எம் லென்ஸுக்கு ஆறு அடி போதும், அறைக்குள் தாராளமாக முடியும். 35-க்கு ஒன்பது அடி வேண்டும். இருக்கிற ஏழரை அடியில் ஐந்து அடி உயரம்தான் விழும், அதாவது தலையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை. 50-க்கோ பதின்மூன்று அடி வேண்டும். நடுவில் பீரோவும் கட்டிலும் கிடக்கிற அறையில் பதின்மூன்று அடிக்கு எங்கே போவது? மிஞ்சியிருக்கும் தூரத்தில் தொடை வரைதான் கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து நின்று, கேமராவைப் படுக்கைவசத்தில் பிடித்தால் நிலைமை இன்னும் நெருக்கடி.

சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான். இரண்டு அடி அகல வாழையிலையை மேலிருந்து முழுதாக எடுக்க 24 எம்எம் லென்ஸை இலைக்கு இரண்டு அடி மேலே பிடித்தால் போதும். உட்கார்ந்த இடத்திலேயே கையை உயர்த்தி எடுத்துவிடலாம். 35-க்கு மூன்று அடி, எழுந்து நிற்க வேண்டும். 50-க்கு நாலே கால் அடி. ஓட்டலில் அதற்கு நாற்காலி மேல்தான் ஏற வேண்டியிருக்கும்.

வெளியே வந்தால் தூரம் தாராளம், ஆனால் பொருளும் பெரிதாகிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 200 அடி உயரம். 50 எம்எம் லென்ஸில் அதை முழுதாக அடக்க 400 அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். கிட் லென்ஸை 18-ல் வைத்தால் 150 அடியை ஒட்டி நின்றே எடுக்கலாம். கோபுரம், தேர், சந்து இவைதான் உங்கள் விருப்பம் என்றால் எந்தப் பிரைமும் வேண்டாம், கையில் இருக்கும் கிட் லென்ஸே உங்கள் லென்ஸ். பகல் வெளிச்சத்தில் எஃப் 8-ல் வைத்து எடுத்தால் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிட் லென்ஸைத் தூக்கிப்போடச் சொல்லும் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து மிகவும் பயனுள்ள கருவியை அந்தப் பேச்சு பிடுங்கிவிடுகிறது.

அப்படியானால் 50 எம்எம் ஏன் இவ்வளவு மலிவு, 24-உம் 35-உம் ஏன் இத்தனை காலம் விலை கூடுதலாக இருந்தன? 1980-கள் வரை எஸ்எல்ஆர் கேமரா வாங்கினால் பெரும்பாலும் கூடவே வந்தது 50 எம்எம்தான். அந்த நாளின் கிட் லென்ஸ் அது. உலகமெங்கும் ஏராளமாகச் செய்து செய்து அதன் உற்பத்தி பழகிப்போனது. வடிவமைப்பும் எளிது. அதன் மூதாதை, ஜெர்மனியின் கார்ல் சைஸ் (Zeiss) நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896-ல் உருவாக்கிய பிளானார் லென்ஸ். கேனனின் 50 எம்எம் 1.8-இல் இன்றும் ஆறே கண்ணாடித் துண்டுகள்தான்.

இன்னொரு காரணம் லென்ஸின் கண்ணாடியில் இல்லை, கேமராவுக்குள் இருந்த கண்ணாடியில் இருக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவில் மேலும் கீழும் அசையும் ஒரு கண்ணாடி (மிரர்) உண்டு. அது அசைய இடம் விட வேண்டும் என்பதால் லென்ஸ் பொருந்தும் வளையம் (மவுண்ட்) பிலிமிலிருந்து தள்ளியே இருக்கும், கேனன் இஎஃப் மவுண்டில் 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் மவுண்டில் 46.5. 50 எம்எம் லென்ஸுக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. 35, 28, 24 என்று குறையும்போது, லென்ஸின் ஃபோகல் லெங்த்தைவிட இடைவெளி பெரிதாகிவிடுகிறது. அதைச் சமாளிக்க முன்னால் கூடுதல் கண்ணாடிகள் வைத்து ஒளியை விரித்து, பின்னால் மறுபடி குவிக்க வேண்டும். பிரான்சின் பியர் ஆஞ்செனியூ 1950-ல் 35 எம்எம் லென்ஸ் ஒன்றில் இந்த வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வழி கிடைத்தது, ஆனால் கண்ணாடி கூடியது, எடை கூடியது, விலையும் கூடியது. 50 எம்எம் எல்லோர் கைக்கும் எட்டியதற்குத் தயாரிப்பு எளிது என்பதே பெரிய காரணம். மனிதக் கண் பார்ப்பது போலவே பார்க்கும் என்ற பேச்சுக்கு அதில் பங்கு குறைவு.

மிரர்லெஸ் கேமராவில் அந்த அசையும் கண்ணாடியே கிடையாது. மவுண்டின் இடைவெளி கேனன் ஆர்எஃப்-இல் 20 மில்லிமீட்டர், சோனி இ மவுண்டில் 18, நிக்கான் இசட்-இல் 16. அகலமான லென்ஸ்களைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்யும் வசதி இப்போதுதான் வந்திருக்கிறது. 2023-ல் வந்த கேனன் ஆர்எஃப் 28 எம்எம் எஃப் 2.8 வெறும் 120 கிராம். அதே ஆண்டு நிக்கான் கிராப் கேமராக்களுக்கென்றே 24 எம்எம் எஃப் 1.7 லென்ஸை 135 கிராமில் கொண்டுவந்தது. பழைய அறிவுரை இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு அடிப்படையாக இருந்த நிலைமை மாறிவிட்டது.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். பிரைம் லென்ஸில் கொடுக்கும் காசுக்கு உண்மையான பலன் இங்கேதான். கிட் லென்ஸை 35-க்குத் திருப்பினால் அபெர்ச்சர் எனும் லென்ஸின் வாசல் அதிகபட்சம் எஃப் 5-ஐ ஒட்டித்தான் திறக்கும். ஒற்றை டியூப்லைட் எரியும் அறை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 1600, ஷட்டர் ஸ்பீடு 1/40 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் தாத்தாவை எடுத்துவிடலாம். மடியில் நெளியும் பேரன் கலங்கிப்போவான். அதே அறையில், அதே ஐஎஸ்ஓவில், எஃப் 1.8-க்குத் திறந்தால் ஷட்டர் 1/320 வரை போகும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மடங்கு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்புகளும் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால், முக்கியமாகச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழலாம். லென்ஸில் கோளாறு என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம். ஷட்டரை 1/100-ல் வையுங்கள், பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். கூடுதலாகக் கிடைத்த வெளிச்சத்தை ஐஎஸ்ஓவைக் குறைக்கப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன அறையில் எஃப் 1.8, 1/100 என்றால் ஐஎஸ்ஓ 500 போதும். கிட் லென்ஸில் அதே 1/100-க்கு ஐஎஸ்ஓ 4000 வேண்டும். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தின் தோலில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

அசைவைத் தடுக்கும் வசதி கிட் லென்ஸில் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரே இருப்பவர் அசைந்தால் அதற்கு அது ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இதை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். மலிவான பிரைம் பலவற்றில் அந்த வசதி கிடையாது, தொடக்க நிலை கேமராக்கள் பலவற்றின் பாடியிலும் கிடையாது. பிராகாரத் தூணில் இருக்கும் சிற்பம் அசையப்போவதில்லை. அங்கே அசைவுத் தடுப்புள்ள கிட் லென்ஸை 1/10-ல் கையிலேயே பிடித்து எடுக்கலாம். ஆட்களுக்குப் பிரைம், அசையாததற்குக் கிட் என்று மாற்றி மாற்றி மாட்டுவதில் தவறே இல்லை.

எஃப் 1.8 கிடைத்துவிட்டது என்று எல்லாப் படத்தையும் அதிலேயே எடுப்பதுதான் அடுத்த வழுக்கல். கிராப் கேமராவில் 50 எம்எம், எஃப் 1.8, ஆறரை அடி தூரம் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அருகருகே நிற்கும் கணவன் மனைவியில் ஒருவர் அரை அடி பின்னால் இருந்தால் அவர் முகம் கரைந்துவிடும். 35 எம்எம் லென்ஸில் அதே தூரத்தில் ஒன்பது அங்குலம் கிடைக்கிறது. அதே 35-ஐ மூன்றே கால் அடிக்குக் கொண்டுபோனால் அது இரண்டு அங்குலத்தை ஒட்டிச் சுருங்கும். ஒருவர் என்றால் 2, இருவர் என்றால் 2.8, குடும்பம் என்றால் 4 என்று தொடங்குங்கள், போகப்போக உங்களுக்கே பழகிவிடும்.

முகம் எடுப்பதற்கு வந்தால் 24-இன் பலவீனம் வெளியே வரும். அகலமான லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும் என்று சொல்கிறார்கள். உண்மையில் அதைச் செய்வது லென்ஸ் இல்லை, நெருக்கம். மூக்கு நுனியிலிருந்து காது நாலைந்து அங்குலம் பின்னால் இருக்கிறது. ஒன்றரை அடியில் நின்று எடுத்தால் அந்த நாலைந்து அங்குலமே கால் பங்கு அளவு வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும், மூக்கு புடைக்கும், காது ஒடுங்கும். ஐந்து அடியில் நின்றால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 24 எம்எம் லென்ஸில் முகத்தால் படத்தை நிரப்ப ஒன்றரை அடிக்குப் போயே ஆக வேண்டும் என்பதால்தான் பழி லென்ஸ் மேல் விழுகிறது. 35-இல் தலையும் தோளுமாக எடுக்க நாலரை அடியில் நிற்கலாம். முகம் கெடாது, பேச்சும் தடைபடாது. 50-இல் ஆறரை அடி. முகத்துக்கு அதுதான் இன்னும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். மொட்டை மாடி, பூங்கா, பள்ளி ஆண்டு விழா மேடை என்று தூரம் கிடைக்கும் இடங்களில் முகங்களை மட்டும் எடுக்கப் போகிறவருக்கு 50 எம்எம் வாங்கு என்று நானும் சொல்வேன்.

மற்றவர்களுக்கு? வீட்டு மனிதர்கள்தான் உங்கள் உலகம் என்றால் 35 எம்எம், அல்லது அதை ஒட்டிய 30. சின்ன வீடு, ஓட்டல் மேசை, பயணம், தெரு என்றால் 24, அல்லது 23, 28. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினால் 35 பக்கமே சாய்வேன். உட்கார்ந்து பேசும் தூரத்தில் ஒரு மனிதரையும் அவரைச் சுற்றியிருப்பதில் கொஞ்சத்தையும் அது சேர்த்துக் காட்டும். வீட்டுப் படங்களுக்கு உயிர் தருவது அந்தச் சேர்க்கைதான். இருபது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவர் முகத்தோடு சேர்த்துச் சுவரில் இருந்த காலண்டரையும் ஜன்னலில் இருந்த ரேடியோவையும் தேடுவார். எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் தேட எதுவும் இருக்காது.

என் சாய்வை நம்பி யாரும் பணம் செலவழிக்க வேண்டாம், உங்கள் படங்களையே கேளுங்கள். ஒவ்வொரு படத்தோடும் அது எந்த ஃபோகல் லெங்த்தில் எடுக்கப்பட்டது என்பதும் பதிவாகியிருக்கும். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் என்று போனால் தெரியும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஐம்பது படங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பல பேருக்கு எண்கள் 18-லும் 55-லும் போய்க் குவியும். நின்ற இடத்திலிருந்தே ஜூமை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பியிருக்கிறோம் என்று அர்த்தம். அப்படி இருந்தால் அடுத்த சோதனை தேவை. ஜூம் வளையத்தை 24-ல் வைத்து, நகர்ந்துவிடாதபடி சின்ன டேப் துண்டு ஒட்டிவிட்டு ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 35, அதற்கடுத்த வாரம் 50. 24, 35 என்ற எண்கள் பெரும்பாலும் வளையத்திலேயே அச்சாகியிருக்கும், 50 இல்லையென்றால் 55-ஐ ஒட்டி நிறுத்தினால் போதும். எந்த வாரம் கால் சுவரில் முட்டியது, எந்த வாரம் இன்னும் கிட்டே போயிருக்கலாமே என்று தோன்றியது என்பது உடனே தெரிந்துவிடும். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் லென்ஸ் வாங்கக் கூடாது என்பதே என் ஆசை. மோட்டாரில் ஜூம் ஆகும் சின்ன 16-50 வகை லென்ஸ்களில் டேப் ஒட்டி நிறுத்த முடியாது, திரையில் எண்ணைப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்கு வந்தால், நிக்கான் டிஎஸ்எல்ஆர் (டிஜிட்டல் எஸ்எல்ஆர்) வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கிராப் கேமராவுக்கென்றே 2009-ல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி, 200 கிராம் எடையில், இந்தக் கட்டுரை தேடும் லென்ஸேதான். கேனன் டிஎஸ்எல்ஆரில் இவ்வளவு பொருத்தமான மலிவு 35 அமையவில்லை. அங்கே 2014-ல் வந்த இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம்தான் என் தேர்வு. 125 கிராம், இட்லி தடிமன்தான் இருக்கும், கேமராவை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கேனன் மிரர்லெஸ்ஸுக்கு மேலே சொன்ன ஆர்எஃப் 28, கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சிக்மாவின் 23 அல்லது 30 எம்எம் எஃப் 1.4. சோனியில் இ 35 எம்எம் எஃப் 1.8 ஓஎஸ்எஸ். அதில் அசைவுத் தடுப்பும் உண்டு, அபூர்வம். சிக்மா 30 அங்கும் கிடைக்கும். நிக்கான் இசட் கிராப் கேமராவுக்கு 24 எம்எம் எஃப் 1.7. ஃபுஜியில் எக்ஸ்சி 35 எம்எம் எஃப் 2.

கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று ஓடிக்கொண்டே எடுப்பவருக்குப் பிரைம் மாற்றி மாற்றி மாட்ட நேரம் இருக்காது. அவருக்கு எஃப் 2.8 நிலையாக இருக்கும் ஜூம்தான் சரி. சிக்மா 18-50 வெறும் 300 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. டாம்ரான் 17-70-ல் அசைவுத் தடுப்பு உண்டு, எடை அரை கிலோவைத் தாண்டும். விலை இரண்டு மூன்று பிரைம்களுக்குச் சமம் ஆகலாம், வேலைக்காக எடுப்பவருக்கு அது நியாயமான செலவு. 36-க்கு 24 அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவரிடம் 50 எம்எம் பிறந்த வீட்டில் இருக்கிறது, 40-உம் 35-உம் கூட அழகாகப் பொருந்தும்.

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் மவுண்டைக் கவனிக்க வேண்டும். நிக்கானின் 50 எம்எம் 1.8டி போன்ற பழைய லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பாடியில் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் ஆகும். டி3000, டி5000 வரிசை கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறைய. நிக்கான் மிரர்லெஸ்ஸில் பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த டி வகை லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வராது. கேனனில் நிலைமை மேல், இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர்எஃப் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஆனால் ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்டவே முடியாது.

அப்புறம் பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஈரக் காற்றில் பீரோவுக்குள் பல மாதம் கிடந்த லென்ஸில் கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் படரும். விற்பவரிடம் அபெர்ச்சரைத் திறக்கச் சொல்லி, ஒரு பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். இரண்டொரு தூசி இருந்தால் கவலையில்லை, இழைகள் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, அபெர்ச்சரை முழுதும் திறந்து, கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று சில படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாங்கிவந்த பிறகு காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். தினமும் எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது குறைவு.